நாலா, எட்டா?

என் அக்கா புருஷன் கோட்டு தைப்பதில் சூரர். ஊர் அவருக்கு வைத்த பெயர் ‘அரை இஞ்ச்’. அளவெடுக்கும்போது, “வயித்தை அரை இஞ்ச் எக்கிப் பிடிச்சிருக்கீங்க, விடுங்க” என்று நாலு பேர் முன்னாலேயே சொல்லிவிடுவார். வீட்டிலும் அந்த நாக்குதான். அக்கா பொத்தான் துளைக்குக் கட்டும் காஜாவில் குறை சொல்லாமல் அவருக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை.

ஐம்பது வயதில் அவருக்குப் பாட்டுப் பைத்தியம் பிடித்தது. வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்கினார். வால்வு என்கிற கண்ணாடிக் குடுவைகள் தணல் மாதிரி ஒளிரும் கனத்த பெட்டி. விற்ற ரேடியோ மெக்கானிக், “பின்னாடி ஸ்பீக்கர் கம்பி மாட்ட நாலு ஓம், எட்டு ஓம்னு ரெண்டு முனை இருக்கு. ஸ்பீக்கர்ல எழுதியிருக்கிறதை அப்படியே நம்பாதீங்க. ரெண்டுலயும் மாட்டிக் கேளுங்க. காதுக்கு எது ஒத்துப்போகுதோ அதுதான் சரி” என்றார்.

அந்தச் சொல் அக்காவுக்கு வினையாக வந்தது. ஞாயிறுதோறும் மாமா நாற்காலியில் கண்ணை மூடி உட்காருவார். அக்கா பெட்டியை அணைத்து, பின்னால் குனிந்து, இரண்டு ஸ்பீக்கர் கம்பிகளையும் முனை மாற்றி, மறுபடி போட வேண்டும். வால்வு சூடாக இரண்டு நிமிடம். “நாலுல கச்சிதமா இருக்கு. எட்டுல தொளதொளன்னு, இரவல் சட்டை மாதிரி. உனக்கு எங்க தெரியப்போகுது? உன் காது கம்மல் மாட்டத்தான்” என்பார்.

ஒரு ஞாயிறு அவள் விரல் சுடும் வால்வில் பட்டுத் தோல் உரிந்துபோனது. அலறினாள். மாமா பதறி எழுந்தார்.

“ஈரக் கையா? வால்வுக்கு ஒண்ணும் ஆகலையே?”

விரலை அவர் பார்க்கவில்லை. “சரி, நாலுல மாட்டு” என்று திரும்பவும் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கையோடு திருகு திருக முடியவில்லை. அக்கா பெட்டியை அணைத்தாள், சும்மா குனிந்தாள், மறுபடி போட்டாள்.

“மாட்டிட்டேன்.”

“ஆஹா! இதுல்ல கச்சிதம்!”

கம்பி எட்டில்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஆறு மாதம் அவள் கம்பியைத் தொடவே இல்லை. இதை என்னிடம் சொன்னபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “முதல் நாளே எனக்குத் தெரியும்டா, நாலுதான் நல்லா இருக்குன்னு. எட்டையே கேட்டுக்கிட்டு இருக்கட்டும். யார்கிட்டயும் சொல்லிராத.”

நான் சொன்னேன். மாமா என் கல்யாணக் கோட்டைத் தைத்துவிட்டு, “துணி நல்ல துணி. தோள்தான் இல்லை” என்று பெண் வீட்டார் முன்னால் சொன்னவர். அது எனக்குள் கிடந்து புகைந்துகொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு அவருடைய வாடிக்கையாளர்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள். அக்கா பெட்டிக்குப் பின்னால் குனிந்து நிமிர, மாமா கண்ணை மூடி நாலுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் விளக்கினார். அவர்களும் தலையாட்டினார்கள். நான் எழுந்து பெட்டியைத் திருப்பி வைத்தேன்.

“பாருங்க, தூசி கூடக் கலையலை. ஆறு மாசமா எட்டுலயேதான் ஓடுது.”

வந்தவர்களில் மருந்துக் கடைக்காரர் முதலில் சிரித்தார். அது போதும், மற்ற இருவரும் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். மாமா அக்காவைப் பார்த்தார். அவள் தேநீர்த் தம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கினாள்.

அடுத்த வாரம் மாமா தனியாகப் போய்க் காதைச் சோதித்துக்கொண்டு வந்தார். வலது காது பாதிக்கு மேல் போய்விட்டதாம், இடதும் சுமார்தானாம். அக்கா காலருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“தெரியும்” என்றாள்.

“எப்போலேர்ந்து?”

“நாலஞ்சு வருஷமா.”

“சொல்லியிருக்கலாம்ல?”

“கேட்டிருப்பீங்களா?”

அதன் பின் அவர் அந்தப் பெட்டியைத் தொடுவதில்லை. அக்காதான் கம்பியை நாலுக்கு மாற்றி, தையல் வேலையோடு பாட்டுக் கேட்கிறாள். போன மாதம் நான் போனபோதும் பாடிக்கொண்டிருந்தது. மாமா ஸ்பீக்கருக்கு ஒரு முழம் தள்ளி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“நல்லா இருக்கா?” என்று அவளைக் கேட்டார்.

“இருக்கு.”

“எப்படி இருக்குன்னு சொல்லேன்.”

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் என் பக்கம் திரும்பினார். நான் எழுந்து செருப்பைத் தேடினேன்.