ஷாஜியாவின் இடது குதிகால்

ஷாஜியாவைப் பற்றி எழுதச் சொன்னால் முதலில் அவளுடைய கெட்ட குணங்களைத்தான் எழுதுவேன். வாங்கிய பேனாவைத் திருப்பித் தரமாட்டாள். வகுப்பு நடக்கும்போது பெஞ்சுக்கு அடியில் விரலால் தட்டிக்கொண்டே இருப்பாள். பக்கத்தில் உட்காருகிறவளுக்குப் பைத்தியம் பிடிக்கும். பக்கத்தில் உட்காருகிறவள் நான்தான், தனுஷா. கள்ளக்குறிச்சியில் பி.காம்., மூன்றாம் வருஷம். கரியாலூர் அருவிக்கு வகுப்போடு போனபோது நாங்களெல்லாம் தண்ணீரில் ஆட்டம் போட்டோம். இவள் மட்டும் கரையில் நின்று, அந்தப் பாறையைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் இந்த இடுக்கில் கச்சிதமாக உட்காரும் என்றாள். பிடித்துத் தள்ளிவிட்டோம்.

அவள் ஆடுவது டெட்ரிஸ். மேலேயிருந்து கட்டை விழும், திருப்பித் திருப்பி அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிறைந்தால் அது மறைந்துவிடும். அடுக்கு உச்சியைத் தொட்டால் ஆட்டம் காலி. இதை நாங்கள் எல்லோரும் ஆறாவது படிக்கும்போது ஆடி மறந்துவிட்டோம். இவள் மறக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து பைரோஸ் மாமா கொண்டுவந்த பழைய வீடியோ கேம் மெஷினைச் சின்ன டியூப் டிவியில் மாட்டி, தினமும் இரண்டு மணி நேரம் தரையில் உட்கார்ந்து ஆடுவாள். கட்டைவிரலைப் பட்டன் மேல் சும்மா வைத்துக்கொண்டு, ஜாய்ஸ்டிக்கின் முதுகில் மற்ற நாலு விரலாலும் படபடவென்று தட்டுவாள்; தட்டத் தட்டப் பட்டன் கட்டைவிரலில் மோதி அமுங்கும். அப்போது வாயில் ஈ போனாலும் தெரியாது.

அவளுடைய அத்தா ஜமால் முகமதுக்குக் கடைவீதியில் செருப்புக்கடை. கடையில் டப்பா அடுக்கி அடுக்கித்தான் மகளுக்கு இந்தத் திறமை வந்தது என்று வாடிக்கையாளர்களிடம் பெருமையடிப்பார். ஷாஜியா அந்தக் கடையில் ஒரு டப்பாவை நகர்த்தி யாரும் பார்த்ததில்லை.

இந்த வருஷம் தேசியப் போட்டிக்கு நாடு முழுக்கப் பதினாறு பேரை எடுப்பதாக அறிவித்தார்கள். அவரவர் வீட்டிலிருந்தே ஒரு மணி நேரம் ஆட வேண்டும். கையும் திரையும் தெரிகிற மாதிரி போன் கேமராவை வைத்தால், பெங்களூரிலிருந்து நடுவர் பார்ப்பார். எத்தனை ஆட்டம் ஆடினாலும் அதில் நல்லதொன்றுதான் கணக்கு. ஷாஜியாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. வேறு எதற்கும் ஆசைப்படாத பெண், அந்தப் பதினாறில் ஒன்றுக்காக அறிவிப்பு வந்த நாளிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

வியாழக்கிழமை அவள் கல்லூரி விட்டு வீட்டுக்குப் போனால், சுவரில் நாற்பத்து மூன்று இஞ்ச் எல்.இ.டி. டிவி. பக்கத்தில் அத்தா, வாயெல்லாம் பல். பிள்ளை பொட்டி டிவியைப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறதே என்று மனுஷருக்குக் கவலை. பழசை எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் தள்ளிவிட்டு, போட்டிக்காகவே புதுசு எடுத்திருக்கிறார். புது டிவியில் பட்டனை அமுக்கினால் கட்டை ஓர் இமைப்பு தாமதமாகத்தான் திரும்பும். சீரியல் பார்க்க அது போதும். ஷாஜியா ஆடுகிற வேகத்துக்கு அந்த ஓர் இமைப்பில் எல்லாம் முடிந்துவிடும். அவள் அத்தாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு போன் போட்டுப் பத்து நிமிஷம் அழுதாள். உங்க அத்தாவுக்கு அறிவிருக்கா என்று திட்டினேன். அவரைத் திட்டாதே என்று அதற்கும் அழுதாள்.

நைனார்பாளையத்தில் எங்கள் வீட்டு நெல் மூட்டைகளுக்கு மேலே, சர்க்கார் அந்தக் காலத்தில் கொடுத்த இலவசக் கலர் டியூப் டிவி ஒன்று பழைய புடவை போர்த்திக்கொண்டு கிடந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அதற்கும் பொட்டு உண்டு. இறக்கி மாட்டினேன். படம் வந்தது, போனது. அம்மா வந்து இடது பக்கத்தில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். மறுபடி வந்தது. எங்கள் வீட்டு ரிமோட் அம்மாவின் உள்ளங்கைதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தாவும் மகளும் வண்டியில் வந்து இறங்கினார்கள். புது டிவி விஷயம் அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது. மெஷினை மடியில் வைத்துக்கொண்டு, தப்பு செய்த பிள்ளை மாதிரி வாசல் பக்கமாகவே உட்கார்ந்தார். நடுவர் போனில் விதிகளைப் படித்தார். நடுவில் ஆட்டத்தை நிறுத்தக் கூடாது. ஆடுகிறவரைத் தவிர வேறு யாரும் மெஷினையோ டிவியையோ தொடக் கூடாது. தொட்டால் அந்த ஆட்டம் செல்லாது. நான் அம்மாவின் முந்தானையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பதினாறாவது இடத்தில் இருந்தவரின் ஸ்கோர் ஐந்து லட்சத்து எண்பத்திரண்டாயிரம். ஷாஜியா நாலு ஆட்டம் ஆடி நாலிலும் சொதப்பினாள். பத்து நிமிஷம் இருக்கும்போது ஐந்தாவதைத் தொடங்கினாள். இந்த முறை கட்டைகள் சொன்ன பேச்சைக் கேட்டன. நாலு லட்சம் தாண்டியது, ஐந்து தாண்டியது. ஐந்து லட்சத்து நாற்பதில் படம் சுருங்கி, நடுவில் ஒரு வெள்ளைக் கோடாக நின்றது.

எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஷாஜியாவின் விரல்கள் மட்டும் நிற்கவில்லை. கடைசியாகக் கண்ணில் பட்ட இரண்டு கட்டைகளை மனக்கணக்கிலேயே இறக்கினாள். அதற்கு மேல் குத்துமதிப்புதான். இரண்டு கையும் ஜாய்ஸ்டிக்கில். உட்கார்ந்தபடியே இடது காலை நீட்டி டிவியை ஓர் உதை விட்டாள். படம் வரவில்லை. ஏனென்றால் உதை பட்டது ஓரத்தில். அம்மா வழக்கமாக அடிக்கிற இடது பக்கத்தில், அன்று காலையில்தான் வைத்த மஞ்சளும் குங்குமமும் இருந்தன. அதைப் பார்த்துவிட்டுத்தான் காலை ஒதுக்கியிருக்கிறாள். வாசலில் அவளுடைய அத்தா எழுந்து நின்றுவிட்டார்.

அம்மாவின் குரல்தான் முதலில் வந்தது. "இன்னாடி தடவிக் குடுத்துக்கினு கீற? பொட்டு மேலயே ஒதடி. எடமே அதான்."

குதிகால் பொட்டின் மேல் விழுந்தது. படம் வந்தது. அடுக்கு உச்சியிலிருந்து மூன்று வரிசை கீழே நின்றது. எப்படி அதை இறக்கினாள் என்று எனக்குத் தெரியாது, நான் கண்ணை மூடியிருந்தேன். திறந்தபோது ஆறு லட்சத்து நாலாயிரத்தில் ஆட்டம் முடிந்திருந்தது. நடுவர் யார் உதைத்தது என்று கேட்டார். நான்தான் என்றாள் ஷாஜியா. அவர் விதிகளை மறுபடி படித்துப் பார்த்தார். ஆடுகிறவர் தொடலாம் என்று இருக்கிறது, கையால்தான் தொட வேண்டும் என்று எங்கேயும் இல்லை என்றார். பதினைந்தாவது இடம்.

ஷாஜியா நேராக ஓடி அத்தாவைக் கட்டிக்கொண்டாள். குதிகாலெல்லாம் குங்குமம், எங்கள் தரையெல்லாம் சிவப்புத் தடம். அவர் அழுதுவிட்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம், இந்த டிவியைக் கொடுத்துவிடுங்கள், எங்கள் வீட்டுப் புது டிவியை நாளைக்கே கொண்டுவந்து மாட்டுகிறேன் என்றார். எனக்கு நாற்பத்து மூன்று இஞ்சும் கண்முன்னே வந்து போனது.

அம்மா யோசிக்கவே இல்லை. "இத எடுத்துக்கினு பூட்டீங்கன்னா, இந்தப் பொண்ணு எதுக்கு பாய் எங்க வூட்டுக்கு வரும்?"

இப்போது ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் படபடவென்று தட்டல் சத்தம்தான். போன வெள்ளிக்கிழமை அம்மா டிவியைத் துடைத்துப் புதுசாகப் பொட்டு வைத்தாள். இந்த முறை வலது பக்கத்தில் வைத்தாள்.