ஒற்றைச் சட்டி

கொள்ளுப்பிட்டிக் கடையொன்றில் பான்கேக்கின்மேல் தித்திப்பான மேப்பிள் பாணியை ஊற்றியதும் என் மூக்கு மீன்வாசத்தைத் தேடியது. என் சின்ன வயதில், கனடாவுக்குப் போன அப்பா எந்த நேரமும் எங்களை அங்கே கூப்பிடுவார் என்று, வெள்ளவத்தை லொட்ஜ் அறையில் அம்மா மற்றச் சட்டிகளையெல்லாம் பெட்டியில் கட்டிவைத்துவிட்டு, அவர் அனுப்பும் பாணியை, வெளியே வைத்த ஒரே சட்டியில் காலையில் புட்டுக்குக் காய்ச்சி, மத்தியானம் மிளகாய்த்தூளோடு பொரித்த மீனிலும் விட்டுப் பிரட்டுவார். புட்டு மீன் மணக்கும், மீன் இனிக்கும், பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் போகும்போதெல்லாம் பெட்டிக்குள் சட்டிகள் கிலுங்கும்.

"அங்க இதுதான் சாப்பாடு, இப்பவே பழகுங்கோ பிள்ளையள்."

பழகினோம். முதலில் அப்பாவின் தொலைபேசி அழைப்பு நின்றது, பிறகு பாணி. லொட்ஜையும் இடித்துவிட்டார்கள். கொட்டாஞ்சேனை வீட்டில் அம்மா இன்னும் அந்த ஒற்றைச் சட்டியில்தான் சமைக்கிறார்.