ஊருக்கு வாற டிக்கட்டில கழிவு

வெளிநாடு போற பிள்ளைகளுக்கு மாணவர் காட் எடுத்துக் குடுக்கிறதுதான் துறைமுக வீதியில என்ர பிழைப்பு. கவுண்டருக்குப் பின்னால இருந்து ஒரே கதையைச் சொல்லிச் சொல்லி வாய் நொந்தவைக்கு இந்தக் கஷ்டம் நான் சொல்லித்தான் தெரியவேணுமெண்டில்லை.

எந்தக் காட் நல்லது?

மூதூர் ரிஃப்கான் ஜேர்மனிக்குப் படிக்கப் போறதெண்டு வந்தான். நான் வழக்கமான பாட்டைப் பாடினன்: ஒரு காட்டுக்கு அங்க ரயில், பஸ், மியூசியம் எல்லாத்திலயும் காசில கழிவு. மற்றதுக்கு விமான டிக்கட்டில கழிவு. திகதி மாத்தினாலும் தண்டம் இல்லை.

பொடியள் எல்லாரும் ரயில் காட்டைத்தான் எடுப்பினம், ஊர் சுத்துற வயசு. இவன் மற்றதைக் கேட்டான். நல்லதைச் சொன்னால் கேக்காதுகள் எண்டு எனக்குக் கடுப்பு வந்திட்டுது. "தினமும் பிளேனிலயோ தம்பி திரியப் போறீங்கள்?" எண்டு கேட்டன்.

"உம்மாக்கு கிட்னி ரெண்டும் சரியில்ல அக்கா. ஒண்டெண்டா நான் உடனே வரணும்."

ஆருக்குக் கழிவு?

காட்டை எடுக்க அவன்ர வாப்பா நசீர் காக்கா வந்தார். மீன் ஏலம் கூறுற மனுசன், தொண்டை அப்பிடி. காட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தவர், மகன்ர படத்தை விரலால துடைச்சார். பிறகு அவருக்கில்லாத மெல்லிய குரலில கேட்டார்.

"அவன் இங்க வாறதுக்குக் கழிவு. அவன்ட உம்மா அங்க போய் அவனைப் பாக்கிறதெண்டா முழுக்காசோ புள்ள?"

திகதி மாத்தின நாள்

போன மாரியில கடை திறக்கேக்கையே ரிஃப்கான் ஜேர்மனியில இருந்து போன் எடுத்தான். உம்மா மௌத்தாம். உடனே வரவேணுமெண்டு அழுதான். எங்கட ஆக்கள் எண்டால் வெளிநாட்டுப் பிள்ளை வருமட்டும் பிரேதத்தை வச்சிருப்பம். அந்த நினைப்பிலதான் நானும் அவன் முதலே எடுத்து வச்ச டிக்கட்டின்ர திகதியை மாத்த ஓடுப்பட்டுத் திரிஞ்சன். காட் சொன்னதெல்லாம் செய்தது: கழிவும் குறையேல்லை, தண்டமும் இல்லை, அண்டைக்கே இருக்கையும் வந்தது.

பெருமையா நசீர் காக்காவுக்கு எடுத்து, "நாளைக்கு மத்தியானம் மகன் வீட்டில நிப்பார்" எண்டன். அங்கால அவர் ஆரையோ குழி வெட்ட அனுப்புற சத்தம் கேட்டுது. அப்பதான் எனக்கு உறைச்சது, முஸ்லிம் ஆக்கள் மையத்தை அண்டைக்கே அடக்கிறவை, நாளைக்கெண்டு வைக்கிறேல்லை. இத்தனை வருசம் மூதூர்ச் சனத்தோட பழகியும் மறந்துபோனன். 

"இண்டைக்கு அஸர் தொழுகையோட அடக்கிறம் புள்ள. மகனைப் பதறாம வரச் சொல்லுங்க, இனி ஒரு அவசரமும் இல்ல."

இண்டைக்கும் துறைமுக வீதியில சொன்ன நேரத்துக்கு டிக்கட் எடுத்துத் தாற கடை எங்கடதுதான் எண்டு சனம் சொல்லுது.