எதிரொலி அடங்கட்டும்

ரயில் நிலையத்தின் மாடியில், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த சின்ன அறை அவளுடையது. மேசையில் ஒரு மைக், அதனருகே ஒரு சிவப்புப் பொத்தான். வண்டி வருவதையும் போவதையும் தாமதமாவதையும் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருப்பவள் அவள்தான். அங்கே வேலை செய்பவர்களுக்கு அவள் மைக் அக்கா. பயணிகளுக்கு வெறும் குரல்.

கணவர் இறந்த பிறகு வீட்டில் பேச்சு நின்றுபோனது. வெளிநாட்டில் இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்து நல்லா இருக்கியா என்று கேட்பான், நல்லா இருக்கேன்பா என்பாள், அத்தோடு சரி. மற்றபடி நாள் முழுக்க அவள் வாயிலிருந்து வருவதெல்லாம் வண்டி எண்களும் ஊர்ப் பெயர்களும்தான்.

மாற்று ஆள் கிடையாது. இரண்டு அறிவிப்புகளுக்கு நடுவே சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, நின்றபடியே, இடது கை பொத்தானில் இருக்க, வலது கையால் அள்ளிப் போட்டுக்கொள்வாள். மென்றாளா விழுங்கினாளா என்பது அவளுக்கே தெரியாது. சோறு உள்ளே இறங்குவதற்கு மேலே ஒரு பாட்டில் சோடா. சாயங்காலத்துக்குள் வயிறு மத்தளம் போல் ஆகிவிடும். சீருடையின் இடுப்புக் கொக்கியை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒரு மதியம், தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று சொல்லி முடித்தவள் பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்தாள். நீளமான ஒரு ஏப்பம் எல்லா நடைமேடைகளிலும் ஒலித்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கீழே அத்தனை பேரும் மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் டீக்கடைக்காரர் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டார்: "அக்கா, நேத்து கடைசியா ஒண்ணு சொன்னீங்களே, அது எந்த ஊர் வண்டி? நானும் போர்டுல தேடிப் பார்த்தேன், காணோம்."

நிலைய அதிகாரி கேலி செய்யவில்லை, திட்டவும் இல்லை. பதிவு செய்த குரலைப் போட்டுவிடலாம் என்று மேலிடத்தில் ஏற்கெனவே பேச்சு இருப்பதைச் சொன்னார். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்லம்மா. பார்சல் ரூம்ல உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டுடுவாங்க" என்றார்.

பார்சல் ரூமில் மூட்டைகளுக்கு முத்திரை குத்த வேண்டும். வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

பயந்துபோய் அவள் முதலில் செய்தது தப்பு. வேலை நேரத்தில் சாப்பிடுவதையே நிறுத்தினாள். காய்ந்த வயிற்றோடு வீட்டுக்குப் போய், டிவி முன்னால் இரண்டு வேளைச் சோற்றை ஒன்றாகத் தின்றுவிட்டு அப்படியே படுத்தாள். உப்புசத்தோடு நெஞ்செரிச்சலும் சேர்ந்துகொண்டது. ஏப்பம் முன்பைவிட அதிகமானது. அறிவிப்புக்கு முன்னால் வாயைக் கையால் பொத்திக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்தாள்.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, பயப்படும்படி ஒன்றுமில்லை என்றார். அவசரமாக விழுங்கும்போது சோற்றோடு காற்றும் உள்ளே போகிறது, சோடா அதற்கு மேல் காற்றைச் சேர்க்கிறது. உட்கார்ந்து மென்று சாப்பிடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிடுங்கள், முடித்ததும் மெதுவாக நடங்கள், உடனே படுக்காதீர்கள். இவ்வளவுதான் வைத்தியம். எழுந்திருக்கும்போது கேட்டார்: "யார்கூட உட்கார்ந்து சாப்பிடுவீங்க?"

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அதான். துணைக்கு ஆள் இருந்தா கை நின்னு நின்னு போகும். தனியா இருந்தா வண்டி எங்கேயும் நிக்காது" என்றார்.

சோடாவை விடுவது சுலபமாக இருந்தது. மெல்லுவதுதான் வரவில்லை. மெதுவாக, மெதுவாக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உட்காருவாள். நினைவு வரும்போது தட்டு காலியாகியிருக்கும்.

வழி அவளுடைய வேலையிலேயே இருந்தது. நிலையத்தின் கூரை தகரம். ஒரு சொல்லைச் சொன்னால் அது கடைசி நடைமேடை வரை போய்த் திரும்பி வரும். அது அடங்குவதற்குள் அடுத்த சொல்லைச் சொன்னால் இரண்டும் மோதிக்கொண்டு யாருக்கும் ஒன்றும் புரியாது. அதனால் வண்டி எண்ணைச் சொல்லிக் காத்திருப்பாள், ஊரைச் சொல்லிக் காத்திருப்பாள். இந்தப் பொறுமை அவளுக்கு ரத்தத்தில் ஊறியது. ஒரு நாள் மதியம், வண்டி இல்லாத இடைவெளியாகப் பார்த்து, பொத்தானை விட்டுத் தள்ளி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு வாய் வைத்தாள். மென்றாள். விழுங்கினாள். எதிரொலி அடங்கட்டும் என்பதுபோலக் காத்திருந்தாள். பிறகுதான் கை அடுத்த வாய்க்குப் போனது. பாதி டப்பாவிலேயே வயிறு போதும் என்றது. மீதியைச் சாயங்காலத்துக்கு மூடி வைத்தாள்.

வீட்டிலும் அப்படியே செய்தாள். காத்திருக்கும் நேரத்தில் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பது முதல் முறையாகக் காதில் விழுந்தது. அவசரமாகத் தின்றதெல்லாம் அதைக் கேட்காமல் இருப்பதற்காகத்தானோ என்று தோன்றியது. எழுந்து போய்விடாமல் அடுத்த வாயை மென்றாள்.

வயிற்று உப்புசம் மெல்ல மெல்ல வடிந்தது. இடுப்புக் கொக்கி நாள் முழுக்கப் போட்டபடியே இருந்தது. அதிகாரி ஒருநாள் படியில் எதிர்ப்பட்டு, "பதிவுக் குரல் இப்போதைக்கு வேணாம்னு எழுதிட்டேன்மா" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனார்.

அன்று சாப்பிட்டதும் வழக்கம்போல் நடைமேடையின் கோடிவரை நடந்தாள். பெட்டியோடு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் தன் வண்டி எந்த நடைமேடையில் வரும் என்று கேட்டார். மூன்றாவது என்றாள்.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இருக்கட்டும்மா. மைக்ல சொல்லட்டும், அப்புறம் போறேன்."

அவள் சரி என்று தலையாட்டினாள். படியேறி அறைக்கு வந்து, மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். வண்டி எண். எதிரொலி போய் வந்து அடங்கியது. ஊர்ப் பெயர். அடங்கியது. நடைமேடை எண் மூன்று.

கண்ணாடிக்கு அப்பால், பெரியவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். அவர் மேம்பாலப் படிக்கட்டில் ஏறி இறங்கி மூன்றாம் நடைமேடைக்குப் போய் உட்காரும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விரலை எடுத்துவிட்டோமா என்று ஒரு முறை சரிபார்த்துக்கொண்டாள்.