வண்டி குடித்த நல்ல தண்ணீர்

காலை ஆறேகாலுக்குக் கோவில்பட்டியை விட்டுப் புறப்பட வேண்டிய வண்டி, ஏழு மணிக்குப் புறப்பட்டது. அதுவும் தானாகப் புறப்படவில்லை. அரிசிக் கடைச் சுமைதூக்கிகள் மூன்று பேர் பின்னால் நின்று தள்ளினார்கள்.

என் தங்கை மகன் செல்வின் நான்கு மாதங்களுக்கு முன் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் கொடுத்து வாங்கிய பழைய டீசல் சரக்கு வேன் அது. பதினோரு வயது. "எடுத்து ஓட்ட வேண்டியதுதான் அண்ணாச்சி, ஒரு பைசா செலவு கெடையாது" என்று புரோக்கர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அந்த ஒரு பைசா இதுவரை வளர்ந்த விதம் இது: கிளட்சுக்கும் கூலிக்குமாக ஏழாயிரத்து எண்ணூறு, ஒடிந்துபோன பின்பக்க ஸ்பிரிங் பட்டைக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம், செல்ப் மோட்டாருக்கு இரண்டாயிரத்து இருநூறு. செல்ப் மோட்டாரைச் சரிபார்த்த பிறகும் ஏன் தள்ள வேண்டும் என்று கேட்டால், அது பேட்டரி என்கிறான். பேட்டரியின் விலையை நான் கேட்கவில்லை.

புதூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் அன்று மாலை தேவாலயத்து அசனம். ஊரார் எல்லோரும் ஒன்றாகத் தரையில் அமர்ந்து சோறும் ஆட்டுக்கறியும் உண்ணும் விருந்து. ஆடுகள் அங்கேயே உண்டு. அரிசி நான்கு மூட்டை, கத்தரிக்காய், வாடகை அண்டாக்கள், இலைக்கட்டு, குடிக்கப் பன்னிரண்டு கேன் நல்ல தண்ணீர், இவ்வளவும் எங்கள் வண்டியில். பதினொரு மணிக்குள் அரிசி வர வேண்டும் என்பது சமையல்காரரின் கட்டளை. வேறு வண்டி பேசலாம் என்ற கமிட்டியிடம், "என் மருமகன் வண்டி, நான் பொறுப்பு" என்று சொல்லியிருந்தேன்.

எட்டயபுரம் பதினைந்து கிலோமீட்டர். அதற்குள்ளேயே வெப்பம் காட்டும் முள் சிவப்பில் படுத்துவிட்டது.

"ஏலே, முள்ளு எங்கன நிக்குன்னு பாத்தியா?"

"அது எப்பவும் அங்கனதான் நிக்கும் மாமா."

ஒரு பட்டறையில் நிறுத்தச் சொன்னேன். மெக்கானிக் ஈரச் சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். ஆவி அடங்கியதும் எட்டிப் பார்த்தேன். வெந்நீர்ப் பானையின் அடியில் படிவதைப் போன்ற வெள்ளைப் பொருக்கு, விரல் கனத்துக்கு.

"என்ன தண்ணி ஊத்துதீங்க?"

"போர்த் தண்ணிதாண்ணே" என்றான் செல்வின்.

"இதச் சொரண்டி வித்தாலே டீசல் காசு தேறுமே!"

எனக்கு வண்டியை விட அதிகமாகக் கொதித்தது. "உப்புத் தண்ணியவாலே இஞ்சினுக்கு ஊத்துன?"

"பின்ன? நல்ல தண்ணி கொடம் பதினஞ்சு ரூவா. அத வண்டிக்கு ஊத்துனா எங்க அம்ம என்னைய வீட்டுக்குள்ள விடுவாளா?"

விடமாட்டாள்தான். இந்தக் கரிசல் சீமையில் எந்த வீட்டுக்குப் போனாலும் நல்ல தண்ணீர் மூடிய குடத்தில் இருக்கும், உப்புத் தண்ணீர் வாசல் தொட்டியில் இருக்கும். குடிக்கவும் உலை வைக்கவும் குடம். துணி, பாத்திரம், மாடு, வண்டி எல்லாம் தொட்டியின் பொறுப்பு. இதை மீறி வளர்ந்த பிள்ளை இங்கே கிடையாது. ஆக, வண்டியைக் கொன்றுகொண்டிருப்பது எங்கள் சிக்கனம்.

மெக்கானிக் கணக்குச் சொன்னார்: ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பெடுக்க இரண்டாயிரத்து எண்ணூறு, தண்ணீர் போகும் இரண்டு ரப்பர் ஓஸுக்கு எழுநூறு, கூலண்ட் தொள்ளாயிரம், மொத்தம் நாலாயிரத்து நானூறு. செய்யாமல் ஓட்டி இஞ்சினின் ஹெட் கேஸ்கட் போனால் பதினெட்டாயிரம். வண்டி மாலை வரை கிடக்க வேண்டுமாம். இன்று ஆகாது என்றோம். மூடியைத் திறந்து மூடியதற்கு நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

"கொதிச்சா ஆறவிட்டு நல்ல தண்ணி ஊத்துங்க. இனி உப்பு போச்சுன்னா நான் பொறுப்பில்ல."

"இப்ப மட்டும் நீருதான் பொறுப்போ?" என்றேன். சிரிக்கிறார்!

விளாத்திகுளம் சாலையில் இருபுறமும் அறுவடை முடிந்த காடு, கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. அதை விட்டால் உடைமரம். தூரத்தில் புகையைக் கண்டு யாரோ கரிமூட்டம் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த புகை எங்கள் வண்டியின் மூக்கிலிருந்து வந்தது. விளாத்திகுளத்துக்கு இன்னும் எட்டு கிலோமீட்டர். மணி எட்டரை.

அரை மணி நேரம் ஆறவிட்டோம். தள்ளுவண்டியில் ஆறு குடங்களோடு ஒரு பெண் வந்தாள்.

"தாயி, ஒரு கொடம் நல்ல தண்ணி தருவியா? காசு தாரேன்."

"குடிக்கவா?"

"வண்டிக்கு."

நின்று எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒங்க தாகத்துக்குன்னா செம்பு செம்பாத் தாரேன் அண்ணாச்சி, காசு வேண்டாம். வண்டிக்குன்னா அந்தா அடிபம்பு இருக்கு. மாட்டுக்கே அதத்தான் காட்டுதோம். ஒங்க வண்டி என்ன புது மாப்பிள்ளையா?"

அதற்குள் செல்வின் வாளியோடு அடிபம்புக்கு நடந்துகொண்டிருந்தான். "ஏலே, நில்லு!" என்று கத்தினேன். பிறகு எனக்கே பிடிக்காததைச் சொன்னேன். "ஒரு கேன எறக்கு."

"மாமா, அது அசனத் தண்ணி!"

"அரிசி போகாட்டா அசனமே இல்லலே. எறக்கு."

கேனின் மூடியைத் திறந்து அவன் ரேடியேட்டரில் சாய்த்ததை அவள் பார்த்தாள். "அடப் பாவிகளா" என்று மட்டும் சொல்லி, தன் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனாள்.

விளாத்திகுளத்தில் இன்னொரு கேன். புதூர் தாண்டி மூன்றாவது. பாதி உள்ளே போனது, பாதி ஓஸின் ஓட்டை வழியாகக் கரிசலுக்குப் போனது. பதினொன்று நாற்பதுக்கு ஊருக்குள் நுழைந்தோம். ஊர் முகப்பில் அரசு பதித்த குடிநீர்க் குழாய் ஒன்று பளபளவென்று நிற்கிறது. அதில் ஓர் ஆட்டுக்குட்டியைக் கட்டியிருந்தார்கள். குழாய்க்கு அந்த ஒரு வேலையாவது இருக்கிறதே.

சமையல்காரர் ஞானமுத்து அரிசியைப் பிடுங்காத குறையாக வாங்கினார். பிறகு கேன்களை எண்ணினார்.

"பன்னெண்டுன்னுதான சொன்னிய? ஒம்பது நிக்கி."

நடந்ததைச் சொன்னேன். "அப்ப மொதப் பந்தி வண்டிக்குப் போட்டாச்சு!" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். செல்வின் அண்டாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

நாலு மணிக்கு ஜெபம் முடிந்து பந்தி தொடங்கியது. கறியில் குறை சொல்ல எனக்கே ஒன்றும் அகப்படவில்லை. நான் கடைசிப் பந்தியில், நான்காவதில், உட்கார்ந்தேன். அதற்கு நல்ல தண்ணீர் இல்லை. அடிபம்புத் தண்ணீர் வந்தது. எதிரே இருந்த கிழவி ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னும் கேட்டாள். எனக்கு முதல் மடக்கிலேயே நாக்கு சுருண்டது.

கை கழுவப் போனபோது, விறகுக் குவியலுக்குப் பின்னால் ஒரு கேன் முத்திரை உடையாமல் இருந்தது. பொறுக்க முடியவில்லை. "ஓய் ஞானமுத்து! கடைசிப் பந்தி உப்பக் குடிக்கி, நீரு ஒளிச்சா வச்சிருக்கீரு?"

"சத்தம் போடாதீய அண்ணாச்சி, அது ஒங்க வண்டிக்கு" என்றார். "கடைசிப் பந்தி எல்லாம் எங்க ஊருக்காரவதான். கேட்டுட்டுத்தான் எடுத்து வச்சேன். நாங்க தெனமும் குடிக்கதுதான இது? வண்டி நடுவழில நின்னா அண்டா எப்படிக் கடைக்குப் போகும்? அந்தப் பயலத்தான் யாரு மறுபடி வாடகைக்குக் கூப்புடுவா?"

புரோக்கரைத் திட்ட எனக்குச் சொல் இருந்தது. குழாய் பதித்தவர்களைத் திட்டவும் இருந்தது. இவரிடமிருந்து கேனை வாங்கிக்கொண்டு வண்டிக்கு நடந்தேன்.

ஆறு மணிக்குக் கிளம்பினோம். அண்டாக்களோடு உருள வேண்டாம் என்று கேனை என் மடியிலேயே வைத்துக்கொண்டேன். விளாத்திகுளத்தில் பாதி ஊற்றினோம். எட்டயபுரத்துக்கு முன்னால் முள் மறுபடி சிவப்பில் படுத்தது. ஆறவிட்டு, செல்வின் மீதியைச் சாய்க்கப் போனான். கறிக் காரமும் உப்பும் சேர்ந்து என் தொண்டை ஒட்டிக்கொண்டிருந்தது. இருமினேன்.

அவன் கேன் மூடியில் கொஞ்சம் பிடித்து நீட்டினான். "ஒரு மடக்குக் குடிச்சுக்கிடுங்க மாமா."

"வண்டிக்கு ஊத்துலே" என்றேன்.