பாடு இல்லாத ஊர்

இடுப்பு உடைந்து கட்டிலில் கிடந்த எங்கள் நைனாவுக்கு, நான் எல்லையிலிருந்து லீவில் வந்த நாள் முதல் ஒரே நச்சரிப்பு. "அங்க இன்னாதான்டா பண்றீங்க?" சொல்லித் தொலைக்க முடியுமா? என் பக்கத்துப் படுக்கைக்காரனைச் சவப்பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்பிவிட்டுத்தான் நான் ரயிலேறியிருந்தேன். அதை அவரிடம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதனால் கதை அளந்தேன்.

பழவேற்காட்டு டச்சுக் கல்லறை வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறதே, அந்த வாசலுக்குள் ஒரு பட்டாளத்தான் துப்பாக்கியோடு நுழைகிறான். அந்தப் பக்கம் போனால் டச்சுக்காரன் காலம். கோட்டை புதுச் சுண்ணாம்பில் பளபளக்கிறது. ஆனால் ஒரு பூதம் வந்து முகத்துவாரத்தை அடைத்துக்கொண்டு மல்லாந்து கிடக்கிறது. ஏரிக்குள் கடல்தண்ணீர் வரவில்லை, இறால் வரவில்லை, ஊரே பட்டினி. பட்டாளத்தான்தான் அதை விரட்ட வேண்டும்.

நைனா வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். நடுநடுவே, "துப்பாக்கி நனைஞ்சா சுடுமாடா?" என்று குடைச்சல் வேறு. ஒரு மத்தியானம், பூதத்தோடு கட்டிப் புரண்டதில் பட்டாளத்தான் குற்றுயிராகக் கிடக்கிறான் என்றேன்.

"இரு, இரு. அந்த ஊர்ல அவனுக்குப் பாடு கீதா?"

எங்கள் பசியாவரத்தில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. சீட்டுக் குலுக்கி, வீட்டுக்கு வீடு முறை விடுவார்கள். அந்த முறைதான் பாடு. அது இருந்தால்தான் ஊர்க்காரன்.

"இல்ல நைனா. அவன் அசலூரு."

"பாடு இல்லாத ஊருக்கு அவன் இன்னாத்துக்குடா சாவணும்?"

எனக்குச் சுருக்கென்றது. "கதையிலகூடப் பாடு கேப்பியா நீ?" என்று கத்திவிட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்புறம்தான் அம்மா சொன்னாள். மறுநாள் ஊர்க்கூட்டத்தில் சீட்டு. தண்ணீரில் இறங்க ஆளில்லாத வீட்டைச் சேர்க்க மாட்டார்கள். அவரால் இனி முடியாது. நான் ஒரே பிள்ளை. என் பெயரைப் போடச் சொல்வதா, நான் உயிரோடு திரும்புவேனா என்று மனிதர் தூக்கம் இல்லாமல் கிடக்கிறாராம்.

கட்டில் ஓரம் போய் உட்கார்ந்தேன். "நைனா, ஊரு கூடி அவனுக்கு ஒரு பாடு குடுத்துட்டாங்க."

திரும்பவில்லை. "முறை எப்ப?"

"பங்குனியில."

"அதுவரிக்கும் சாவாம இருப்பானா?"

"இருப்பான்."

"வாக்கா சொல்றியா?"

எந்தப் பட்டாளத்தான் அப்படி வாக்குக் கொடுக்க முடியும்? கொடுத்தேன்.

மறுநாள் அவரைக் கட்டிலோடு தூக்கிப் போனோம். என் பெயரைப் போடச் சொன்னார். "அவந்தான் பட்டாளத்துல கீறானே, வலை போட வருவானா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"வருவான்பா," என்றார் நைனா. "பூதத்த விரட்டிட்டு வருவான். வாக்கு குடுத்துக்கிறான்."

ஊரே கொல்லென்று சிரித்தது. சிரித்துக்கொண்டேதான் என் சீட்டையும் குடத்தில் போட்டார்கள். நைனா என் கையை விடவே இல்லை.