காலி மண்டபத்தில் ஒலித்த கிட்டார்

சூசைக்கு வேண்டுமென்றே தவறான ஒலிபெருக்கியைத் தேர்ந்து கொடுத்தேன். பிறகு, குறை அவன் கையில்தான் என்று அவனிடமே சொன்னேன். இதற்கு மேல் நீங்கள் படிக்காவிட்டாலும் என் குற்றம் இவ்வளவுதான்.

முதலாவதைப் பொறாமை என்று சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு என்ன பெயர்? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை…

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசி. பினாங்கில் நான் மிஷன் பள்ளி ஆசிரியன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பாடகர் குழுவுக்கு வயலின் வாசிப்பவன். சூசை துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி, என்னைவிட இளையவன். ஹவாய்க்காரர்களைப்போல் கிட்டாரை மடியில் கிடத்தி, தந்திகளின்மேல் இரும்புத் துண்டை வழுக்கி வாசிப்பான். அந்த வழுக்கலில் ஒரு மனிதக் குரல் இருந்தது. கல்யாண வீடுகளில் எங்கள் சிறு குழு வாசிக்கும்போது மெட்டு என் வயலினுடையது. அவன் கிட்டார் கீழே எங்கோ முனகும். மேளச் சத்தத்தில் அதுவும் கேட்காது.

அப்போதுதான் மின்சார கிட்டார் வந்தது. சூசை ஒன்றை வாங்கினான். பொழுதுபோக்குப் பூங்காவின் மேலாளர் அவனுக்கு ஒரு சனிக்கிழமை மாலையை ஒதுக்கியிருந்தார். திறந்த மேடை. கூட்டத்துக்குப் பிடித்தால் நிரந்தர இடம். கிராணி வேலைக்கு முழுக்குப் போட்டுவிடலாம். இனி ஒலிபெருக்கி மட்டும்தான் பாக்கி. உங்கள் காதை நம்பித்தான் வாங்கப்போகிறேன் என்று என்னையும் கடைக்கு அழைத்துப்போனான்.

கடையில் இரண்டு பெட்டிகள் இருந்தன; ஒன்று பெரிது, ஒன்று சிறிது. கடை முதலாளியான சீனத் தவுக்கே பெரியதைத் தட்டிக்காட்டி, திறந்தவெளிக்கு இதுதான் தாங்கும், சின்னது வீட்டுக்கு என்று மலாய் மொழியில் சொன்னார். சரியாகத்தான் சொன்னார்! நான் சூசையின் காதில் தமிழில் சிரித்தேன்.

“பெரிசுக்கு விலை ஜாஸ்தி. அதான் தவுக்கே அதையே தட்டுறாரு.”

நான் பள்ளி ஆசிரியன் என்பதால் இரண்டையும் எடுத்துப்போய்ச் சோதித்துப் பார்க்கத் தவுக்கே சம்மதித்தார். பள்ளி மண்டபத்துக்குக் கொண்டுபோனோம். விடுமுறை நாள், ஓர் ஆள் இல்லை. கல் தரை, உயர்ந்த கூரை. சின்னப் பெட்டி அங்கே தேனாய் ஒலித்தது. பெரியதன் அடிநாதம் சுவருக்குச் சுவர் மோதி, ஒரு ஸ்வரம் அடங்குமுன் அடுத்தது ஏறி, எல்லாம் குழம்பியது.

“இது எருமை, சூசை. அது குயில்” என்றேன்.

எனக்குத் தெரியும்… அதுதான் என்னைத் தின்கிறது! பாடகர் குழுவில் வாசித்த எவனுக்கும் தெரியும். ஒத்திகையன்று காலிக் கோயிலில் ஒற்றை வயலின் கூரைவரை நிறையும். திருநாள் பூசையில் சனம் நெருக்கி நிற்கும்போது அதே வயலின் நாலு வரிசை தாண்டாது. உடம்புகளும் உடுப்புகளும் ஒலியைக் குடித்துவிடும். பூங்காவிலோ, திருப்பி அனுப்பச் சுவர்கூட இல்லை. கூட்டத்தின் நடுவே அந்த எருமைதான் பாடியிருக்கும்.

சூசை சந்தேகப்படாமலும் இல்லை.

“வெளி மேடைக்குப் பத்துமா, அண்ணே?”

“சத்தத் திருகைக் கொஞ்சம் கூட்டிக்க. போதும்.”

அவன் சின்னதையே வாங்கினான். ஏன் அப்படிச் சொன்னேன்? பெரிய பெட்டி அவன் பக்கத்தில் இருந்தால் மெட்டு அவனுக்குப் போய்விடும். அப்புறம் என் வயலின் எதற்கு? எனக்கு வேறு பெருமை ஏது…

சனிக்கிழமை வந்தது. எங்கள் சிறு குழுவே அவனோடு மேடையில் உட்கார்ந்தது. ராட்டினத்தின் இரைச்சல், பலகாரக் கடைக்காரர்களின் கூவல், நூற்றுக்கணக்கான வாய்கள். சூசை இரும்பை வழுக்கினான். முதல் வரிசைக்கே கேட்கவில்லை.

கீழிருந்து ஒருவன், “தம்பி, வாசிக்கிறியா, கிட்டார தொடைக்கிறியா லா?” என்றான்.

கூட்டம் சிரித்தது. சூசை திருகை முழுக்கத் திருப்பினான். சின்னப் பெட்டி தாங்கவில்லை. குரல் கிழிந்து கரகரத்தது. சிரிப்பு இன்னும் கூடியது. மேலாளர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். நான் எழுந்து அவன் மெட்டையே வயலினில் வாசித்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். சூசையும் தட்டினான்!

மறுநாள் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் என்னை நிறுத்தினான். கண்கள் வீங்கியிருந்தன.

“மறைக்காம சொல்லுங்கண்ணே. கோளாறு பெட்டியிலயா, என் கையிலயா?”

அந்த நேரத்தில் எல்லாவற்றையும் திருத்தியிருக்கலாம். பெரிய பெட்டி இன்னும் கடையில்தான் இருந்தது.

“கையிலதான், சூசை. உனக்கு அந்தக் கை இல்ல.”

அவன் வாதாடவில்லை. கிட்டாரை விற்றான். பட்டர்வொர்த்தில் ரயில்வே கிராணி வேலை கிடைத்து, கடல் தாண்டி அக்கரைக்கே குடிபோனான். நான் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போய், பொறாமை என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டேன். சாமியார் அதற்குரிய பரிகாரச் செபத்தைக் கொடுத்தார். அந்தச் செபம் எதைக் கழுவும்?

வெகுகாலம் கழித்து, அக்கரைக்குப் போகும் படகில் அவனைக் கண்டேன். தலை நரைத்திருந்தது. ஓடிவந்து என் கையைப் பற்றினான். மகள் வயலின் கற்க ஆசைப்பட்டாளாம்; வேண்டாம் என்று தடுத்துவிட்டானாம்.

“நமக்கு இல்லாத கை பிள்ளைக்கு எங்கேருந்து வரும்? எல்லாரும் மழுப்புனாங்க. நீங்க ஒருத்தர்தான் மூஞ்சிக்கு நேரா உண்மையச் சொன்னீங்கண்ணே. அதுக்கு நன்றி.”

அக்கரை சேரும்வரை நேரம் இருந்தது. நான் தலையசைத்தேன். ஆம், அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டேன்…

சூசை போன மழைக்காலத்தில் இறந்துவிட்டான். மகள் அக்கரையில் அவன் வீட்டில்தான் இருக்கிறாள். வழி எனக்குத் தெரியும். இருமுறை படகுத்துறைவரை போய்த் திரும்பிவிட்டேன். உன் தகப்பனுக்குக் கை இருந்தது என்று இப்போது அவளிடம் சொன்னால், அவள் இழந்ததையும் சேர்த்தல்லவா சொல்லவேண்டும்? இது அவள்மீது இரக்கமா, என் கோழைத்தனத்தின் இன்னொரு பெயரா? இரண்டாவதுதான் என்று தெரிந்தும் போகவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டதால் போய்விடுவேன் என்றும் தோன்றவில்லை.